வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை: அலுவலகச் செலவில் திட்டத்தின் பங்கு

உவர்மலை, திங்கள்

வணக்கம். கொடை நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதற்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். மூதூர், குச்சவெளி, வெருகல் பக்கத்துச் சங்கங்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி. வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். பாதீட்டுப் பக்கத்தில் 'இன்டிரெக்ட் கொஸ்ட்' என்பதில் முட்டுப்பட்டு நிற்கிறோம். அலுவலக வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம், நிறுவனத்தின் ஆண்டுக் கணக்காய்வுக் கட்டணம் எதுவும் எந்த ஒரு திட்டத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லை. அவை இல்லாமல் எந்தத் திட்டமும் நடவாது. இப்போதைக்கு 'நிர்வாகச் செலவு' என்று போட்டிருக்கிறோம். போதுமா?

உப்புவெளி, திங்கள் இரவு

போதாது தங்கச்சி. திட்ட இணைப்பாளர் செய்வதும் நிர்வாகம்தான், ஆனால் அவர் சம்பளம் நேரடிச் செலவு. 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பைக் கண்டால் சங்கங்கள் அவரையும் அதற்குள் போட்டுவிடும். கொடையாளர் விதித்த உச்ச வரம்பு உடனே தாண்டிவிடும். அவருக்காக நிறுவனம் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சம்பளத்தோடு நேரடிப் பக்கத்திலேயே வரவேண்டும். கணக்காய்விலும் இதே வேறுபாடு உண்டு: குறித்த திட்டத்துக்கென்று கொடையாளர் கேட்கும் தனிக் கணக்காய்வு நேரடி, நிறுவனத்தின் ஆண்டுக் கணக்காய்வு அப்படியல்ல.

இதற்கு உயர்தரக் கணக்கீட்டில் பிள்ளைகள் படிப்பது 'மேந்தலைக் கிரயம்', ஆங்கிலத்தில் 'ஓவர்ஹெட் கொஸ்ட்'. இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கோ.

திருகோணமலை நகர், செவ்வாய்

மாஸ்டர் மன்னிக்கவேணும், அந்தச் சொல்லில் இரண்டு குறை. கிரயம் வடசொல், விலைக்கு வாங்குதல் என்பதே அதன் பொருள். காணி உறுதியில் இருக்கட்டும், கணக்காளர் சம்பளத்துக்கு அது எதற்கு? அடுத்தது மேந்தலை. லகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும், மேல்+திசை மேற்றிசை. அந்த முறைப்படி மேற்றலை என்றல்லவா வரவேண்டும்?

கிண்ணியா, செவ்வாய்

மேல்+பாலம் மேம்பாலம், மேல்+பாடு மேம்பாடு. அங்கே லகரம் கெட்டு மெல்லினம் வந்ததை யாரும் குறை சொல்வதில்லையே, சேர். பகரத்துக்கு மகரம் என்றால் தகரத்துக்கு நகரம். மேந்தலை பிழையில்லை.

திருகோணமலை நகர், செவ்வாய் இரவு

மீ+தோல் மீந்தோல் என்பதற்கு நன்னூலில் இடமுண்டு. அது மீ, மேல் அல்ல. மீந்தலை என்று எழுதினால் என் இலக்கண மறுப்பு தீரும், கிரய மறுப்பு தீராது. செலவு நல்ல தமிழ். செல்லுதல் செலவு, வருதல் வரவு. பாலைப் பாட்டில் தலைவன் போக்கைத் தவிர்ப்பது செலவழுங்குதல். காசின் போக்குக்கும் அதுவே பொருந்தும்.

மூதூர், புதன்

சங்கத் தலைவிமாருக்கு மீந்தலையும் விளங்காது, மேந்தலையும் விளங்காது. பாடநூலின் இன்னொரு சொல்லான 'நேரில்' அதைவிட மோசம். நேர்+இல், நேர் அல்லாதது என்று பிரித்துப் படிக்க யாருக்கு நேரம்? 'நேரில் செலவு' என்றால் நேரில் போய்ச் செலவழித்தது என்றுதான் எடுப்பார்கள். 'மறைமுகச் செலவு' என்றால் ஒளித்து வைத்த காசு. கணக்குக் காட்டும் இடத்தில் அந்தச் சொல் வரவே கூடாது.

'பகிர்செலவு' எப்படி?

கிண்ணியா, புதன்

வினைத்தொகை, அழகாக இருக்கிறது, ஒற்றும் மிகாது. ஆனால் விண்ணப்பதாரர் தன் பக்கத்திலிருந்து போடும் பங்குக்கும் விண்ணப்பப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. பகிர்செலவைப் பார்த்துச் சிரமதான உழைப்பின் பெறுமதியை அங்கே எழுதிவிடுவார்கள். இரண்டும் எதிரெதிர்: ஒன்று கேட்கும் காசு, மற்றது கொடுக்கும் காசு.

உப்புவெளி, புதன் இரவு

சொல் எதுவானாலும் வீதம் எதன்மேல் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கோ. பிழைக்கிற இடம் அதுதான். நேரடிச் செலவு 45 இலட்சம் என்று வைத்தால், நேரடிச் செலவில் 10 வீதம் 4.5 இலட்சம், மொத்தம் 49.5. மொத்தக் கொடையில் 10 வீதம் என்றால் 5 இலட்சம், மொத்தம் 50. தவறான அடியில் கணக்கிட்டால் ஒன்றில் 50,000 ரூபாயை இழப்பீர்கள், அல்லது வரம்பு மீறினீர்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். வீதமும் இடத்துக்கிடம் மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுதவிக் கொடைகளில் நேரடிச் செலவின் 7 வீதம் உச்சம், போர்ட் பவுண்டேஷன் 2023 முதல் திட்டக் கொடைகளுக்கு 25 வீதம் தருகிறது. வாடகையை ஒருமுறை நேரடிப் பக்கத்தில் போட்டால் மறுபடி இந்த வீதத்துக்குள் சேர்க்கக்கூடாது. ஒரே செலவை இரண்டு தரம் கேட்டதாகிவிடும்.

திருகோணமலை நகர், வியாழன்

கணக்கு மாஸ்டர் சொன்னபடி. ஒரு சிறு விலகல்: இந்த வழிகாட்டிக்கே 'கொடை ஆற்றுப்படை' என்று பெயர் வைக்கலாம். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை. இரண்டாம் தவணை பிந்தினால் எழுதும் நினைவூட்டற் கடிதத்துக்கும் நம்மிடம் துறை உண்டு, பரிசில் தரப் பிந்தும் புரவலனிடம் புலவன் அதைக் கேட்கும் பரிசில் கடாநிலை.

மூதூர், வியாழன்

சேர், பெயர் நன்று. ஆனால் கொடையாளரைப் புரவலர் என்றும் நம்மை இரவலர் என்றும் ஆக்கிவிடும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுகிறது. அறிக்கை கொடுக்கும் கடமை நமக்கு, தவணை விடுக்கும் கடமை அவர்களுக்கு.

உவர்மலை, வெள்ளி காலை

அச்சகத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். கூடுதலானோர் மேந்தலைக்குச் சம்மதம். கணக்காய்வாளருக்கும் படித்த பிள்ளைகளுக்கும் அது பழகிய சொல். கிரயத்தை விட்டுச் 'செலவு' ஆக்கியிருக்கிறோம். வரி இப்படிப் போகிறது: 'மேந்தலைச் செலவு (அலுவலகப் பொதுச் செலவில் இத்திட்டத்தின் பங்கு): மொத்த நேரடிச் செலவில் ___ வீதம்.' பக்கத்தில் 45 இலட்சக் கணக்கு பெட்டிக்குள் வரும்.

திருகோணமலை நகர், வெள்ளி

அடைப்புக்குள் இருப்பதுதான் தமிழ். அதை வெளியே எடுத்து மேந்தலையை உள்ளே வைத்திருக்கலாம். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.