புதுப்பிப்பு: கடல்மீன் காட்சியகத்துக்குப் போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அம்மாவையும் ஆறு வயது மகளையும் தூத்துக்குடிப் பக்கம் உள்ள சிறிய கடல்மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். காலையிலேயே போய்விடும்படி பலர் சொன்ன யோசனையை ஏற்று, ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து காரில் போய்ப் பார்த்து வந்தோம்.

அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய இடம்தான். ஆனால் கடல்குதிரைத் தொட்டியின் முன்னேயே எங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. விரல் நீளமே இருந்த ஒன்று, கடற்புல்லின் தண்டை வாலால் சுற்றிப் பிடித்தபடி, நீரோட்டம் தள்ளும்போதெல்லாம் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. பெண் இடும் முட்டைகளை ஆண்தான் வயிற்றுப் பையில் சுமக்கிறது என்று நான் சொன்னதும், அம்மா கண்ணாடியருகே குனிந்து, "ஏட்டி, இங்க பாரு, அப்பன்காரன்லா சுமக்கானாம்" என்று பேத்தியைக் கூப்பிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்புல் பரப்புகளில் வாழும் இவ்வுயிர், உலர்த்தி விற்பதற்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதால், 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது என்பதை மகளுக்கும் எளிமையாகச் சொன்னேன்.

பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். களவா, விளைமீன், பாறை என்று அம்மாவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதி வைக்கும்படி பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

முழங்கால் வலி பற்றிக் கேட்டவர்களுக்கு: உள்ளே படிகள் இல்லை, ஆனால் உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது, மடக்கு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள்.