புதுப்பிப்பு: ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சுகள்

மொட்டைமாடியில் நாட்டுக்கோழி வைத்து, இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டியில்) பொரித்து விற்பவர்களுக்காகப் போன மாதம் எழுதியதில் ஒரு திருத்தம். முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் இருக்கும் தட்டில் தண்ணீர் நிரப்பச் சொல்லியிருந்தேன். சென்னையில் காசிமேடு, ராயபுரம் மாதிரிக் கடலோரத்துக்கு அது ஒத்துவராது.

இங்கே காற்றே ஈரம். முட்டைக்குள் நீர் போதுமான அளவு வற்றாவிட்டால் காற்றறை (ஓட்டுக்குள் காற்று நிற்கும் இடம்) சிறுத்துவிடும்; 20ஆம் நாள் குஞ்சு மூச்சுவிட இடமிருக்காது. உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு, இறகெல்லாம் கொழகொழவென்று நனைந்து செத்துக் கிடக்கும்.

அதனால் தராசை நம்புங்கள். 45 கிராம் முட்டை, 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது சுமார் 2 கிராம் குறைந்திருக்க வேண்டும். 18ஆம் நாள் 39, 40 கிராம். குறையவில்லையா, தண்ணீர்த் தட்டை வெளியே எடுங்கள். ஃபேன் உள்ள பெட்டிக்கு வெப்பம் 37.5 டிகிரியேதான். 18ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, அப்போது தண்ணீர் வைத்து ஈரப்பதத்தை 65–70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அதற்குப் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது.

விற்பனை பற்றி: பொரித்த கையோடு கொடுக்காதீர்கள், பாவம். 5–7ஆம் நாளில் வெள்ளைக்கழிச்சல் (கோழிகளைக் கொல்லும் தொற்றுநோய்) தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு. மருந்து விட்டு ஒரு வாரம் கழித்து விற்கலாம். கலந்த மருந்து 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அதையும் ஐஸில்தான் வைக்க வேண்டும். ஒரு குப்பி மருந்து 100 குஞ்சுக்கு வருவதால், அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களோடு பேசி ஒரே வாரத்தில் பொரிக்க வையுங்கள்.