"ஆல்... நாட்" என்று எழுதினால் ஒன்றுமே வரவில்லை என்று ஆகிவிடுமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் இருந்து லேபிள் 24 கார்ட்டன் வர வேண்டும், 21 வந்தது. சப்ளையருக்கு "ஆல் தி கார்ட்டன்ஸ் ஹேவ் நாட் அரைவ்ட்" என்று மெயில் போட்டேன். எல்லாப் பெட்டியும் வரவில்லை, சிலது பாக்கி என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். அவர்கள் ஒரு பெட்டிகூட வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, 24 பெட்டிக்கும் கூரியரில் புகார் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் போய்விட்டது, அந்த மூன்று பெட்டியை இன்னும் யாரும் தேடவில்லை. எங்கே தப்பு?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:
இலக்கணம் தப்பில்லை தம்பி. அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு, அதுதான் சிக்கல். "ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்" என்ற பழமொழியும் இதே அமைப்புதான் (ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் கிளிஸ்டர்ஸ் என்று எழுதியிருப்பார்). ஆனால் பொன்னும் மின்னும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அங்கே குழப்பம் வராது. உங்கள் கிடங்கில் 21 பெட்டி அடுக்கியிருப்பது சப்ளையருக்கு எப்படித் தெரியும்?

தமிழில் 'இல்லை' வினையோடு சேர்ந்து கடைசியில் வரும். ஒன்றுமே வராவிட்டால் 'ஒரு பெட்டிகூட' என்று சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கில 'நாட்' என்ற சொல்லையும் வினையோடு சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எதை மறுக்கிறோமோ அதற்கு முன்னால் 'நாட்' வையுங்கள்: "நாட் ஆல் தி கார்ட்டன்ஸ் ஹேவ் அரைவ்ட்". ஒன்றுமே வரவில்லை என்றால் "நன் ஆஃப் தி கார்ட்டன்ஸ்".

ஷிப்பிங் வேலை பார்ப்பவர்:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் சரக்கு விஷயத்தில் நான் 'நாட்' என்ற சொல்லே போட மாட்டேன். "வீ ஹேவ் ரிசீவ்ட் 21 ஆஃப் 24 கார்ட்டன்ஸ். கார்ட்டன் நம்பர்ஸ் 7, 15 அண்ட் 16 ஆர் மிஸ்ஸிங்." இப்படி பாக்கிங் லிஸ்ட்டைப் பார்த்து நம்பரோடு எழுதுங்கள். கூரியரும் அதைத்தான் கேட்பான்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
ரொம்ப நன்றிங்க, இப்படியே மெயில் போட்டுவிட்டேன். அப்புறம் ஒன்று. பையிங் ஆபீஸில் (துணி வாங்கும் கம்பெனிக்காக எங்களிடம் பேசும் அலுவலகம்) இருந்து நேற்று "போத் சாம்பிள்ஸ் ஆர் நாட் அப்ரூவ்ட்" என்று வந்திருக்கிறது. நேவி, மெரூன் இரண்டு சாம்பிள் அனுப்பினோம். இரண்டும் ரிஜெக்ட் என்றுதானே அர்த்தம்?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:
அதே வலைதான். இரண்டும் போனால் "நைதர் சாம்பிள் இஸ் அப்ரூவ்ட்" என்று எழுத வேண்டும். ஒன்று மட்டும் பாஸ் என்றால் "ஒன்லி தி நேவி சாம்பிள் இஸ் அப்ரூவ்ட்" என்று பெயரைச் சொல்ல வேண்டும். எழுதியவரும் நம் ஊர்க்காரர் என்றால் ஊகிக்கவே ஊகிக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
போன் போட்டுக் கேட்டேன். நேவி ஓகே, மெரூனில் மட்டும் ஷேடு சரியில்லையாம். நேவி துணியை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். நாளைக் காலையே கட்டிங் போகிறது.