'ஆஸ் எ ரூல்', 'அபார்ட் ஃப்ரம்', 'நாட்வித்ஸ்டாண்டிங்': ஆங்கில விலக்குத் தொடர்களால் காரியம் கெட்ட அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

ஒரு பொதுவிதியைச் சொல்லி, அதே வாக்கியத்துக்குள் விலக்கையும் சொருகிவிடும் ஆங்கிலத் தொடர்கள் பற்றித்தான் கேட்கிறேன். உங்களுக்கும் இவற்றால் ஏதாவது நடந்திருக்கும், எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, உடம்பு சரியில்லாமல் கிடந்ததால் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் தேதியைத் தவறவிட்டாள். அறிவிப்பில் 'ஆஸ் எ ரூல், லேட் சப்மிஷன்ஸ் ஆர் நாட் அக்செப்டட்' என்று இருந்தது. ரூல் என்றே போட்டுவிட்டார்கள், இனி கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டாள். 'ஆஸ் எ ரூல்' என்றால் 'வழக்கமாக', அவ்வளவுதான். விதியை இறுக்கும் சொல் போலத் தெரியும், உண்மையில் தளர்த்துகிற சொல். பின்னர் ஒரு நாள் அந்தக் கருத்தரங்கின் அமைப்பாளர் எங்களிடம், "காரணத்தைச் சொல்லி எழுதியிருந்தால் ஒரு வாரம் கொடுத்திருப்போமே" என்றார். அவள் பதில் பேசவில்லை. போனில் அந்த அறிவிப்பைத் தேடித் திறந்து, அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கையேடுகள் தொகுப்பவர்

எனக்கு 'அபார்ட் ஃப்ரம்'.

அச்சுக்குப் போகவிருந்த கையேட்டைப் பற்றி மதிப்பாய்வாளர் எழுதியது: 'அபார்ட் ஃப்ரம் செக்ஷன் ஃபோர், த்ரீ செக்ஷன்ஸ் நீட் ரீரைட்டிங்'. நான்காம் பகுதியோடு சேர்த்து இன்னும் மூன்று பகுதிகள் என்பது அவர் நினைத்தது. நான்காம் பகுதி சரியாக இருக்கிறது, வேறு மூன்றை மட்டும் திருத்தினால் போதும் என்று எங்கள் அணியில் பாதிப் பேர் புரிந்துகொண்டார்கள். கூட்டத்தில் ஒருவர் அதை அப்படியே தமிழில் சொன்னார்: "நாலாவதைத் தவிர மூணு பகுதி எழுதணும்." எல்லோரும் தலையாட்டினோம். நம்முடைய 'தவிர'வுக்கும் அதே இரண்டு முகம் உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எதிரெதிராகப் புரிந்துகொண்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துப்போன காட்சி அது. நான்காம் பகுதி பழைய அளவுகளோடே அச்சானது.

கழிக்க வேண்டுமென்றால் 'எக்ஸெப்ட் ஃபார்', கூட்ட வேண்டுமென்றால் 'இன் அடிஷன் டு'. எங்கள் கையேடுகளில் 'அபார்ட் ஃப்ரம்' இப்போது வருவதில்லை.

ஒப்பந்தம் படிப்பவர்

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. தொடரின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 'த்ரீ அதர் செக்ஷன்ஸ் ஆல்சோ' என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. ஒரு நல்ல சொல்லை விரட்டுவதற்குப் பதில் வாக்கியத்தை முழுதாக எழுதப் பழகலாம்.

என் அனுபவம் சின்னது. வேலை மாறவிருந்த ஒருவர் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரலாம் என்ற வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார். வரி தொடங்கியதே 'சப்ஜெக்ட் டு கிளாஸ் நைன்' என்றுதான், ஆனால் அந்த நான்கு சொற்களின் மேல் மட்டும் மஞ்சள் இல்லை. ஒன்பதாம் பிரிவு ஒரு வருடம் சேரக்கூடாது என்றது. புது வேலைக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், இரண்டு தொடர்களை மனதில் வையுங்கள். 'சப்ஜெக்ட் டு' என்றால் இந்தப் பிரிவு பணிகிறது, சுட்டப்படும் பிரிவு வெல்கிறது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' அதற்கு நேர் எதிர்: அங்கே என்ன சொல்லியிருந்தாலும் இங்கே சொல்வதே நிற்கும். கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் 33ஆம் பிரிவுக்கு 'நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்' என்றே பெயர். சாசனத்தின் சில உரிமைகளையும் மீறிச் சட்டம் நிற்க அந்தப் பிரிவு வழி தருகிறது. 'எக்ஸெப்ட்' எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தைப் படியுங்கள். 1865இல் அடிமைமுறையை ஒழித்தது அது. ஆனால் குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் தவிர என்று நடுவில் ஒரு இடைச்செருகல். அந்த இடைச்செருகலைக் காட்டித்தான் கைதிகளை வேலைக்கு அனுப்பும் முறை வளர்ந்தது, இன்றும் விவாதம் ஓயவில்லை.

விலக்குகளைப் பட்டியலாகத் தரும்போது இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் மிகைநேர ஊதியத்துக்கு உரிமை இல்லாத வேலைகளின் பட்டியல் சட்டத்தில் இருந்தது. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று வரும். 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. விநியோகம் பட்டியலில் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டும்தானா என்பது கேள்வி. பொட்டலம் கட்டுவது மட்டும்தான், விநியோகிக்கும் எங்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு என்று பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்காடினார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்தால் முதலில் விலக்குத் தொடர்களுக்கு மட்டும் மஞ்சள் பூசுங்கள், உரிமைகளை அப்புறம் பார்க்கலாம்.

நெட்வொர்க் பொறியாளர்

எங்கள் துறையில் இந்தச் சண்டையைத் தவிர்க்கவே ஒரு ஆவணம் இருக்கிறது, இணைய நெறிமுறைகளில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் ஆர்எஃப்சி 2119, 1997இல் வந்தது. 'மஸ்ட்' என்றால் விலக்கே கிடையாது. 'ஷுட்' என்றால் குறிப்பிட்ட சூழலில் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவுகளை முழுக்கப் புரிந்து எடைபோட்ட பிறகே. அந்த இரண்டாம் பாதியை யாரும் படிப்பதில்லை.

ஒரு விற்பனையாளரின் கருவி, இணைப்பு அறுந்ததும் இடைவெளியே விடாமல் திரும்பத் திரும்ப முயன்று எங்கள் சர்வரைத் திணறடித்தது. நெறிமுறையில் இடைவெளி விட்டு முயல 'ஷுட்' என்று இருந்தது. அழைப்பில் அவர்கள் பொறியாளர் நிதானமாகச் சொன்னார்: "இட் செஸ் ஷுட், நாட் மஸ்ட்." காரணம் என்ன, என்ன எடைபோட்டீர்கள் என்று கேட்டேன். மறுமுனையில் மியூட் போட்டுவிட்டார்கள்.

வாய்மொழி பெயர்ப்பாளர்

'த வொர்க் இஸ் ஆல் பட் கம்ப்ளீட்.' கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று பொருள். என் பக்கத்தில் இருந்த இன்னொரு பெயர்ப்பாளர் "எல்லாம் ஆயிற்று, முடிவது மட்டும்தான் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். 'ஆல் பட் ஒன்' என்றால் ஒன்றைத் தவிர எல்லாம், அதே 'ஆல் பட்' இங்கே வேறு ஆள். உடனே திருத்திச் சொன்னேன், ஆனால் அறையில் பாதி நாற்காலிகள் காலி.

இலக்கண ஆசிரியர்

ஒப்பந்தம் படிப்பவர் வாக்கியத்தை முழுதாக எழுதச் சொல்கிறார். முழுதாக எழுதியதையும் வெட்டுகிறவர்களை என்ன செய்வது? ஒரு பாடநூல் வரைவில் 'ஜெனரலி', 'இன் மோஸ்ட் கேசஸ்' என்று இருந்த இடங்களையெல்லாம் 'பலவீனமாக இருக்கிறது' என்று தொகுப்பாசிரியர் ஒருவர் அடித்தார். அடித்த பிறகு அந்த வாக்கியங்கள் பொய்யாகிவிட்டன. விலக்கான எடுத்துக்காட்டுகளை எடுத்து நீட்டினேன். அவர், 'தி எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

எனக்கு ஆறாத கோபம் அந்தப் பதில்தான். விதிக்கு முரணான ஒன்று இருப்பதே விதியை மெய்ப்பிக்கிறது என்பது அந்த வாக்கியத்தின் பொருள் இல்லை. கிமு 56இல் பால்பஸ் என்பவருக்காக வாதாடிய ரோமானிய வழக்கறிஞர் சிசரோவின் வாதத்தை அதன் வேராகக் காட்டுவார்கள். சில மக்களோடு செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் யாரையும் ரோமக் குடிமகனாக ஏற்கக்கூடாது என்று விலக்கு எழுதியிருக்கிறது, அப்படி எழுதாத இடத்தில் ஏற்கலாம் என்றுதானே ஆகிறது என்றார். 'ஞாயிறு மட்டும் அனுமதி இல்லை' என்ற பலகை மற்ற நாட்களில் அனுமதி உண்டு என்று காட்டுகிறது அல்லவா, அதுதான். விலக்கை எழுதி வைத்தால்தான் விதி தெரியும். இவரோ எழுதி வைத்த விலக்கை அடித்துவிட்டு அதையே மேற்கோள் காட்டுகிறார்.

நம் இலக்கணக்காரர்கள் விலக்குக்கு வெட்கப்பட்டதில்லை. அதிகாரத்தின் கடைசியில் புறனடை என்று தனி நூற்பாவே வைத்தார்கள். 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' நன்னூலின் புறனடைதான். உரையாசிரியர்கள் 'சிறுபான்மை' என்று ஒரு சொல்லில் குறித்துவிட்டுப் போவார்கள். எந்த விதியும் அதனால் பலவீனமாகவில்லை.

தேர்வுக் குழுவில் இருந்தவர்

இன்னும் யாரும் 'இஃப் நாட்' பற்றிச் சொல்லவில்லை. ஒரு பணியிடத்துக்கு வந்த பரிந்துரைக் கடிதத்தில் இருந்த வரி: 'எ கேர்ஃபுல், இஃப் நாட் பிரில்லியன்ட், ரிசர்ச்சர்'. கவனமானவர், அபார அறிவாளி என்றுகூடச் சொல்லலாம் என்று இரண்டு பேர் படித்தார்கள். கவனமானவர், ஆனால் அபார அறிவாளி இல்லை என்று மற்றவர்கள் படித்தார்கள். ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வாய்விட்டுப் படித்தால் குரலில் வித்தியாசம் தெரியும், தாளில் தெரியாது. எழுதியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அது முறையில்லை என்று தலைவர் மறுத்துவிட்டார். வாக்கெடுப்பு நடந்தது, இடம் வேறொருவருக்குப் போனது.