புதுப்பிப்பு: சம்பளக் குறைப்புக்குச் சம்மதிக்கலாமா?

எல்லோரும் 5 சதவீதம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் எந்த ஆசிரியரையும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டோம் என்று நிர்வாகம் சொல்கிறது, சங்கத்தில் வாக்கெடுப்பு வரப்போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி ஒப்பந்த வரைவை வரிவரியாகப் படித்தேன்.

குறைப்பு அடிப்படைச் சம்பளத்திலேயே விழுகிறது. 100 என்பது 95 ஆகும், அப்புறம் அதே 5 சதவீதம் ஏற்றிக் கொடுத்தாலும் 99.75தான் வரும். எங்கள் ஓய்வூதியம் கடைசிச் சில வருடச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஓய்வை நெருங்கும் மூத்தவர்களுக்கு இந்த இழப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். இதற்குப் பதில் சம்பளமில்லாத விடுப்பு நாட்கள் என்றால் அந்த வருடத்தோடு போகும், அடிப்படை அப்படியே இருக்கும்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. கூட்டத்தில் 'அனுப்ப மாட்டோம்' என்றார்கள், வரைவில் 'ஆட்குறைப்பைத் தவிர்க்க முயற்சி எடுக்கப்படும்' என்றுதான் இருக்கிறது. சம்பளம் எப்போது பழையபடி திரும்பும் என்று ஒரு தேதிகூட இல்லை.

ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் போவார்கள், என் பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் பெண் உட்பட. அவருக்காகவே முதலில் சம்மதம் என்று போடத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வரைவு அவரையே காப்பாற்றாது.

அதனால் வேலை உத்தரவாதமும் முடிவுத் தேதியும் எழுத்தில் வந்தால் சம்மதம், இல்லையென்றால் எதிர்த்துத்தான் என் வாக்கு. சங்கக் கூட்டத்திலும் இதைச் சொல்லிவிட்டேன். வரைவைத் திருத்தச் சொல்லி நிர்வாகத்திடம் மறுபடி பேசுவதாகச் செயற்குழு ஒத்துக்கொண்டது, அதுவரை வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.