கறுப்பு மை பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது: அடைப்பா, காற்றா?

வணக்கம். காட்பாடியில் வீட்டிலிருந்தே அச்சு வேலை செய்து கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது நான்கு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர். மையைத் தாளில் தெளிக்கும் ஹெட், இயந்திரத்திலேயே பொருத்தப்பட்ட பீசோ வகை (மின்சாரத்தால் வளையும் படிகம் மையைத் தள்ளும்). மே மாதம் முழுவதும் ஓடாமல் கிடந்தது. வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஜூனில் இயக்கியபோது கறுப்பு மட்டும் வரவில்லை.

ஹெட் கிளீனிங், அதைவிட அதிக மையை இழுத்துக் கழுவும் பவர் கிளீனிங் இரண்டும் செய்தாயிற்று. ஒவ்வொரு முறையும் கழிவு மைப் பஞ்சு நிறைகிறது என்பதால் அதைத் தொடர விருப்பமில்லை. அச்சிடாதபோது ஹெட்டை மூடிவைக்கும் கேப்பிங் பகுதியின் ரப்பர் விளிம்பில் கூழ்போல் உறைந்திருந்த மையை, காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, அதே நீரில் நனைத்த, நூல் பிரியாத துணியை இரவு முழுவதும் ஹெட்டின் அடியில் வைத்தேன். இப்போது ஹெட்டின் மைத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் அச்சில் கறுப்புக் கோடுகள் அனைத்தும் முழுமையாக வருகின்றன. ஆனால் படம் நிறைந்த பக்கத்தை அச்சிட்டால் பாதிக்குக் கீழே நிறம் வெளிறி மறைந்து, சற்று நேரம் விட்டால் மீண்டும் வருகிறது. டேங்கில் மை போதுமான அளவு இருக்கிறது. நாசில் அடைப்பு என்றால் தொடக்கத்திலிருந்தே கோடு விடும் என்பதால், டேங்கிலிருந்து மை வரும் குழாயிலோ, ஹெட்டுக்கு முன் மை தேங்கும் சிறு அறையான டேம்பரிலோ காற்று புகுந்திருக்கும் என்று ஐயப்படுகிறேன்.

இந்த அறிகுறிக்கு நேரடியாகக் கறுப்பு டேம்பரை மாற்றலாமா, அல்லது முதலில் சிரிஞ்சால் ஹெட்டைக் கழுவிப் பார்க்க வேண்டுமா?