காவேரிப்பட்டணம் சொந்தங்கள்: சனிக்கிழமை ரெகே

நான்: மாமா, சனிக்கிழமை பெங்களூரில் ரெகே கச்சேரியாம், ஜமைக்கா நாட்டுப் பாட்டு. டிக்கெட் 800 ரூபாய். போனில் போட்டுக் கேட்டேன், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. காசு கொடுத்துப் போகணுமா?

பெரிய மாமா: போனில் கேட்டால் அப்படித்தான் இருக்கும். ரெகேயைத் தாங்குவதே பேஸ் கிட்டார், அடித்தொனி தருகிற கிட்டார். உன் போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது.

பெரிய மாமா: நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெங்களூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் கேட்டேன். வெளிநாட்டு ஆட்கள் இல்லை, நம்ம பசங்கதான். பேஸ் ஆரம்பித்ததும் சட்டைப் பட்டன் அதிர்ந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, கால் மட்டும் சும்மா நிற்கவில்லை.

சித்தி: அண்ணா, மயானக் கொள்ளைக்குப் பம்பை அடித்தாலும் பட்டன் அதிரும். டிக்கெட்டும் கிடையாது 😄

பெரிய மாமா: பம்பை நம்மைப் பிடித்துத் தள்ளும்மா. ரெகே விட்டுப் பிடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே கேள். ஒன்றில் டிரம்ஸ் பேசாமல் இருக்கும், மூன்றில்தான் அடி விழும். ஒன் டிராப் என்பார்கள். கிட்டார் இரண்டிலும் நாலிலும் சுருக்கென்று வெட்டிவிட்டுப் போகும். அந்தக் காலி இடத்தில்தான் நாம் ஆடுகிறோம்.

ஓசூர் அண்ணன்: எண்ணிப் பார்த்தேன் மாமா, வருகிறது! ஆபீசில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். சரி, நீங்கள் நேரில் கேட்டதில் எது பெரிசு?

பெரிய மாமா: 2023 ஜனவரியில் பெங்களூரில் சக்தி இசைக்குழு. ரெகே இல்லைதான், ஆனாலும் அதுதான். மெக்லாஃப்லின் கிட்டார், ஜாகிர் ஹுசேன் தபலா, சங்கர் மகாதேவன் பாட்டு, செல்வகணேஷ் கஞ்சிரா. ஒரு சாண் அகலத் தோலிலிருந்து அந்த மனிதர் எடுத்த பேஸ் இருக்கிறதே! அடுத்த வருஷம் அவர்களுக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

பெரிய மாமா: நான் பார்க்காத கச்சேரிதான் இன்னும் மனதில் நிற்கிறது. 1980 ஏப்ரல், ஜிம்பாப்வே சுதந்திர விழா. ஜமைக்கா ரெகே பாடகர் பாப் மார்லி தன் சொந்தச் செலவில் சாமான்களை எல்லாம் கொண்டுபோய்ப் பாடினார். உள்ளே விடாத கூட்டம் வெளியே முண்டியடிக்க, போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. அது மேடை வரைக்கும் வந்தது. மறுநாள் பொதுஜனத்துக்காக இன்னொரு தடவை பாடினார். அடுத்த வருஷம் மே மாதம் இறந்துவிட்டார், வயது 36.

ஓசூர் அண்ணன்: எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் இரண்டு பேரை மேடையில் கைகோக்க வைத்தவர் அவர்தானே?

பெரிய மாமா: அவரேதான். 1978, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். பிரதமர் மேன்லியும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவும்.

சித்தி: நம்ம ஊரில் அதற்குக் கல்யாண மேடை இருக்கிறது.

பெரிய மாமா: 😂 அங்கேயும் போட்டோவோடு சரி. 1980 தேர்தலுக்குள் கட்சிச் சண்டையில் நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். பாட்டு கட்சிச் சண்டையை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சித்தி: அண்ணா, அந்தப் பாட்டுக்காரர்கள் எல்லாம் கஞ்சா என்கிறார்களே. சின்னப் பெண்ணை அனுப்பலாமா?

பெரிய மாமா: அது ரஸ்தாஃபாரி என்கிற அவர்கள் சமய வழக்கம்மா. இவள் பாட்டுக் கேட்கப் போகிறாள், அவ்வளவுதான்.

பெரிய மாமா: பாப்பா, ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்காதே, காது போய்விடும். சவுண்ட் மிக்ஸர் மெஷின் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பின்னால் நில். அவர் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் சவுண்ட் வைப்பார். சீக்கிரமே போய்விடு, திறந்தவெளி என்றால் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள்.

நான்: நீங்களும் வாங்களேன் மாமா.

பெரிய மாமா: சித்தி கவலைப்படுகிறாள், அதனால் வருகிறேன்.

சித்தி: என் மேல் பழியைப் போடுங்கள் 🙄 ராத்திரி எப்படித் திரும்புவீர்கள்?

ஓசூர் அண்ணன்: ஓசூரில் இறங்கி நம்ம வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். எனக்கும் ஒரு டிக்கெட்.

நான்: மூன்று போட்டாச்சு. ஆளுக்கு 800, ஜிபே பண்ணுங்க.